மொசார்ட், பிராம்ஸ் கிளாரினெட் குவின்டெட் கச்சேரிக்கு முதல் தடவையா போறீங்களா?

கிளாரினெட்டும் ஸ்ட்ரிங்ஸும், அதாவது தந்தி வாத்தியங்களும், சேர்ந்த கச்சேரின்னா போஸ்டர்ல பெரும்பாலும் ரெண்டு பேர் இருக்கும், மொசார்ட், பிராம்ஸ். சில நாள் வெபர்ங்கற கம்போஸரும் வருவார். குவின்டெட்னா மேடைல அஞ்சே பேர்: ரெண்டு வயலின், ஒரு வியோலா (வயலின விட கொஞ்சம் பெருசு, குரலும் கீழ), ஒரு செல்லோ (இன்னும் பெருசு, இன்னும் கீழ), ஒரு கிளாரினெட். கண்டக்டர் கிடையாது, மைக் கிடையாது. புதுசா போறவங்ககிட்ட நான் அழுத்தி சொல்றது ஒண்ணு தான், கிளாரினெட் பின்னாடியே காத விட்டுடாதீங்க, மத்த நாலு பேரையும் கேளுங்க. கிளாரினெட் எங்க அவங்களுக்குள்ள கரையுது, எங்க திரும்ப வெளிய வருதுன்னு கவனிக்கிறதுல தான் இந்த சங்கீதத்தோட முழு சுகமும் இருக்கு.

இதுக்கு சின்ன ஹால் தான் வேணும். லண்டன்ல இருக்கறவங்க விக்மோர் ஹால் ப்ரோகிராம பாத்துட்டே இருங்க. 1901-ல பெக்ஸ்டைன் பியானோ கம்பெனி கட்டினது, சுமார் 550 சீட் தான், பாண்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம். கடைசி வரிசைல உக்காந்தாலும் வியோலா நல்லா காதுல விழும், அதனால விலை கம்மியான டிக்கெட்னு யோசிக்காம வாங்குங்க.

போறதுக்கு முன்னாடி கிளாரினெட் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. புல்லாங்குழல்ல அதே விரல் வெச்சு அழுத்தி ஊதினா மேல் ஸட்ஜமம் வரும், கிளாரினெட்ல அப்படி இல்ல, ஸட்ஜமத்துலேர்ந்து ஒரே தாவல்ல மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்கு போயிடும். அதனால தான் கீழ ஒரு குரல், இருட்டா கனமா, மேல வேற ஒரு குரல், பளிச்சுன்னு, ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும். நம்ம கர்நாடக கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் வாசிச்சு கேட்டு பழகினவங்களுக்கு வாத்தியம் புதுசு இல்ல, ஆனா இங்க கமகம் கிடையாது, ஸ்ருதிப்பெட்டியும் தாளவாத்தியமும் கிடையாது, காலப்பிரமாணம் அஞ்சு பேரோட மூச்சுலயும் கண்ஜாடையிலயும் தான் நிக்குது, அத பாக்கறதே ஒரு அனுபவம்.

மொசார்ட் தன்னோட குவின்டெட்ட 1789 செப்டம்பர்ல முடிச்சார், டிசம்பர் 22-ம் தேதி வியன்னாவுல ஆன்டன் ஸ்டாட்லர் வாசிச்சார். ஸ்டாட்லரோட கிளாரினெட் சாதாரணத விட நீளம், இன்னும் கீழ போகும். மொசார்ட் கையால எழுதின பிரதி தொலைஞ்சு போச்சு, அதனால அந்த கீழ் ஸ்வரங்கள் எங்கெங்க இருந்ததுன்னு உறுதியா தெரியாது, ஆனாலும் இப்ப சில பேர் அந்த மாதிரி நீள கிளாரினெட்லயே வாசிக்கிறாங்க.

குவின்டெட் நாலு பகுதியா இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு மூவ்மென்ட். ரெண்டாவது மூவ்மென்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்ட்ரிங்ஸ்காரங்க கைய பாருங்க, ஒரு குட்டி கருப்பு ரப்பர நகத்தி பிரிட்ஜ் மேல (தந்திய தாங்குற மரத்துண்டு) மாட்டுவாங்க, அது தான் மியூட். மாட்டினதும் தந்தியோட ஓரமெல்லாம் மழுங்கிடும், அது மேல கிளாரினெட் நீளமா ஒரு மெலடி வாசிக்கும், கொஞ்ச நேரத்துல முதல் வயலின் பதில் சொல்ல ஆரம்பிக்கும், அந்த பதில விட்டுடாதீங்க. மூணாவதுல நடுவுல ஒரு பகுதிக்கு கிளாரினெட்காரர் வாத்தியத்த மடியில வெச்சுட்டு சும்மா உக்காந்திருப்பார், நாலு தந்தி மட்டும் வாசிக்கும். கடைசி மூவ்மென்ட் ஒரே ட்யூன வெச்சு வேரியேஷன்ஸ், அதாவது அதையே மாத்தி மாத்தி வாசிக்கிறது, அதுல மூணாவது மைனர்ல, சோகச் சாயல் உள்ள ஸ்வர வரிசைல, போகும், அங்க வியோலா தான் புலம்பும், எனக்கு மொத்த குவின்டெட்லயும் ரொம்ப பிடிச்ச இடம் அது.

மூவ்மென்ட் நடுவுல கைதட்ட வேண்டாம், நாலும் முடியட்டும். அந்த இடைவெளில கிளாரினெட் உள்ள ஒரு துணிய விட்டு இழுத்து ஈரம் எடுப்பாங்க, ஓட்டைல தண்ணி தங்கினா ஸ்வரம் கொப்பளிக்கும், அதுக்குத்தான். வெபர் குவின்டெட்டும் இருந்தா ரெண்டு கிளாரினெட் கொண்டு வருவாங்க, வெபருக்கு பி ஃப்ளாட் ஸ்ருதி கிளாரினெட், மொசார்ட் பிராம்ஸ் ரெண்டுக்கும் அத விட அரை ஸ்வரம் கீழ இருக்கற ஏ ஸ்ருதி கிளாரினெட்.

பிராம்ஸுக்கு மட்டும் கண்டிப்பா வீட்டுப்பாடம் பண்ணிட்டு போங்க. 1890-லயே போதும், இனி எழுதறதில்லன்னு முடிவு பண்ணின மனுஷன், ஜெர்மனில மைனிங்கன் ஊர் ஆர்கெஸ்ட்ராவுல கிளாரினெட்காரர் ரிச்சர்ட் மூல்ஃபெல்ட் வாசிச்சத கேட்டு திரும்ப எழுத ஆரம்பிச்சுட்டார், 1891 கோடையில ஆஸ்திரியாவோட பாட் இஷ்ல் ஊர்ல இந்த குவின்டெட் பிறந்தது. மூல்ஃபெல்ட் அதே ஆர்கெஸ்ட்ராவுல முதல்ல வயலின் வாசிச்சவர், அதனால தானோ என்னமோ இதுல கிளாரினெட்டும் வயலினும் இவ்வளவு ஒட்டி போகுது.

வீட்டுப்பாடம் பெருசா இல்ல, ஆரம்ப அரை நிமிஷத்த பத்து தடவ கேளுங்க. ரெண்டு வயலினும் சேர்ந்து சுத்தி சுத்தி ஒரு சின்ன ஃப்ரேஸ் வாசிக்கும், மேஜரா மைனரான்னு பிடிபடாது, அப்புறம் கீழேர்ந்து கிளாரினெட் மெதுவா ஏறி வரும். அந்த வயலின் ஃப்ரேஸ வாய்விட்டு பாடுற அளவுக்கு மனசுல ஏத்திக்கோங்க, ஏன்னா கிட்டத்தட்ட நாப்பது நிமிஷம் கழிச்சு கடைசி மூவ்மென்ட் முடியப்போற நேரத்துல அது திரும்பி வரும், அடையாளம் தெரியாதவங்களுக்கு அது வெறும் முடிவு, தெரிஞ்சவங்களுக்கு நெஞ்ச அடைக்கும். இடையில அடாஜியோல, அதாவது மெதுவா போற ரெண்டாவது மூவ்மென்ட்ல, ஸ்ட்ரிங்ஸ் அடியில நடுங்கிட்டே இருக்க கிளாரினெட் ஹங்கேரிய ஜிப்ஸி பாணில கட்டவிழ்த்து ஓடும், கிட்டத்தட்ட ஆலாபனை தான், அங்க மட்டும் நான் முதல்ல சொன்னத மறந்துட்டு கிளாரினெட் கூடவே போயிடுங்க.

திரும்பி வந்ததும் ரெண்டு ரெக்கார்டிங் தேடி கேளுங்க. 1937-ல ரெஜினால்ட் கெல் புஷ் குவார்டெட்டோட வாசிச்ச பிராம்ஸ், அவர் கிளாரினெட்ல வைப்ராட்டோ போடுவார், அதாவது ஸ்வரத்த லேசா அசைப்பார், ஒலி பழசு தான் ஆனா உருக்கிடும். இன்னொண்ணு கார்ல் லைஸ்டர் அமாடேயுஸ் குவார்டெட்டோட வாசிச்சது, நேரான ஜெர்மன் டோன். அதே அடாஜியோவ ரெண்டுலயும் அடுத்தடுத்து போட்டு பாருங்க, அன்னிக்கு ஹால்ல நீங்க கேட்டவர் யார் பக்கம்னு பளிச்சுன்னு தெரிஞ்சிடும்.