குழந்தைகளுக்கு கார்ட்டூன் டிராகன் வரையச் சொல்லித்தருவது எப்படி

டிராகன் வரையலாமா என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஓடிவருவார்கள். தாளை எடுத்து வைத்ததும் பாதிப் பேர் "எனக்கு வராது" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் மனதில் இருப்பது சினிமாவில் பார்த்த, செதிலும் முள்ளும் நெருப்புமாக எழுந்து நிற்கும் முழு மிருகம், அதை எங்கே பிடித்து எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் பயப்படுகிறார்கள். அதனால் முதலில் பென்சிலைத் தொடாமல் பேசுங்கள். டிராகன் என்பது பல மிருகங்களிடம் கடன் வாங்கிய உடம்பு. மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பாம்பின் கழுத்து, கெண்டை மீனின் செதில், கழுகின் நகம் என்று சீன மரபில் ஒரு பட்டியலே உண்டு. உன் டிராகனுக்கு யார் கொம்பு வேண்டும், ஆட்டுக் கொம்பா மாட்டுக் கொம்பா என்று கேட்டுப் பாருங்கள், பயம் பாதி போய்விடும்.

ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை இந்த முறை நன்றாக ஒத்துவரும். ஏ4 தாள், ஹெச்.பி. பென்சில், ரப்பர், கறுப்பு ஸ்கெட்ச் பேனா, கிரேயான், இவ்வளவு போதும். பென்சிலை நுனியை ஒட்டிப் பிடிக்காமல் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள், அழுத்தம் தானாகக் குறையும், அப்புறம் அழிக்கும்போது தாளில் தடம் நிற்காது. இன்னொன்று, நீங்கள் உங்கள் தாளில்தான் வரைந்து காட்ட வேண்டும். பிள்ளையின் தாளில் ஒரு கோடுகூடப் போடாதீர்கள், போட்டால் அது அவர்கள் படம் இல்லை என்றாகிவிடும், குழந்தைகளுக்கு அது உடனே தெரியும்.

தாளின் இடப்பக்க மேல் மூலைப் பக்கமாக ஒரு வட்டம், டம்ளர் அடிப்பாகம் அளவுக்கு. அதன் இடப்பக்கக் கீழ்ப்பாதியில் ஒட்டினாற்போல ஒரு சின்ன முட்டை வடிவம், அதுதான் மூக்கும் வாயும். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு இடப்பக்கம் பார்க்கும் முகம் எளிதாக வரும், இடக்கைக்காரர்களுக்கு இதையே திருப்பிப் போடுங்கள். தலை பெரிதாக இருக்கட்டும். பெரிய தலை, முகத்தில் கொஞ்சம் கீழே இறங்கிய பெரிய கண், உப்பிய கன்னம் இதெல்லாம் இருந்தால் எந்த உருவத்தைப் பார்த்தாலும் நமக்குக் குழந்தை என்று தோன்றுகிறது என்பதை விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதியிருக்கிறார். கார்ட்டூனில் அதைத்தான் செய்கிறோம். கண்ணை வட்டத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்தால் குட்டி டிராகன், மேலே ஏற்றினால் வயசான டிராகன்.

புருவத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். வேறு தாளில் ஒரே முகத்தை மூன்று முறை போட்டு, புருவத்தை மட்டும் மூக்குப் பக்கம் சாய்த்து, நேராக வைத்து, வெளிப்பக்கம் சாய்த்துக் காட்டுங்கள். கோபம், சும்மா இருப்பது, அழுகை. ஒரு கோட்டைச் சாய்த்ததற்கே முகம் மாறுவதைப் பார்த்ததும் பிள்ளைகள் தாள் தாளாக முகம் போட ஆரம்பிப்பார்கள், போடட்டும், டிராகன் எங்கேயும் போய்விடாது.

உடம்புக்கு, தலையைவிடக் கொஞ்சம் பெரிய முட்டை வடிவம், தலைக்குக் கீழே வலப்பக்கம் தள்ளி. இப்போது பின்தலையில் பென்சிலை வைத்து, கழுத்து, முதுகு, வால் நுனி வரை கையை எடுக்காமல் ஒரே வளைகோடு. கோணலாகப் போனாலும் பரவாயில்லை, கையை நிறுத்தி நிறுத்தி ஒட்டுப் போட்ட கோட்டைவிட அதில்தான் உயிர் இருக்கும். அப்புறம் கழுத்தின் முன்பக்கக் கோடும் வாலின் கீழ்க்கோடும். கால்கள் குட்டையாக இருக்கட்டும். அந்தப் பக்கத்துக் கால் சற்று மேலே ஏறி, வயிற்றுக்குப் பின்னால் பாதி மறைந்திருக்க வேண்டும். வயிற்றில் போடும் குறுக்குக் கோடுகளை நேராகப் போட்டால் ஏணி மாதிரி தட்டையாகிவிடும், கீழ்நோக்கி வளைத்துப் போட்டால் வயிறு உருண்டு தெரியும்.

பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது இறக்கையில். அதை வௌவாலிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். வௌவாலின் இறக்கை உண்மையில் ஒரு கை. நான்கு விரல்கள் நீண்டு, நடுவே தோல் பரவி, கட்டைவிரல் மட்டும் மேலே சின்னக் கொக்கியாக நிற்கும். பிள்ளைகளையே கையை மேலே தூக்கி விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். தோளிலிருந்து மேலே ஒரு சாய்கோடு, அது முடியும் இடம் மணிக்கட்டு, அங்கே ஒரு சின்ன நகம், அங்கிருந்தே கீழே விரியும் மூன்று விரல் கோடுகள். கார்ட்டூனுக்கு மூன்று போதும். விரல் நுனிகளை இணைக்கும் வளைவு உள்ளே குழிந்திருக்க வேண்டும், வெளியே புடைத்தால் பட்டாம்பூச்சி ஆகிவிடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கும் பறக்கும் ஓணானைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்லலாம். அதன் அறிவியல் பெயரே டிராக்கோ, அது விரிப்பது கையை அல்ல, நீண்டு வளர்ந்த விலா எலும்புகளை. இதைக் கேட்ட பிறகு விலாவிலிருந்து இறக்கை வைக்கும் பிள்ளையும் இருக்கும், அதுவும் சரிதான்.

முதுகு முள் நடுவில் பெரிதாகவும் இரு முனைப் பக்கமும் சிறிதாகவும் போகட்டும். ஸ்கெட்ச் பேனாவால் வேண்டிய கோடுகளை மட்டும் எடுத்து, மை நன்றாகக் காய்ந்த பிறகு அழியுங்கள். கிரேயானில் வெளிர் நிறம்தான் முதலில். நெருப்புக்கு மஞ்சளை முழுக்கப் பூசி, ஓரத்தில் ஆரஞ்சு, நுனியில் மட்டும் சிவப்பு. சிவப்பிலிருந்து தொடங்கினால் மஞ்சள் அழுக்காகிவிடும்.

ஒன்று முடித்த பிள்ளைக்கு அடுத்ததாக பூட்டான் கொடியைக் காட்டுங்கள். வெள்ளை டிராகன், இறக்கை கிடையாது, நகங்களில் ரத்தின மணிகளைப் பற்றியிருக்கும். வேல்ஸ் கொடியில் இருப்பதோ நான்கு காலும் இறக்கையும் உள்ள சிவப்பு டிராகன். பூட்டான் வகைக்குத் தாளைக் குறுக்காக வைத்து, நீளமான ஒரு வளைகோடு போட்டு, அதற்கு இணையாக இன்னொன்று போட்டு வாலில் சேர்த்தால் உடம்பு தயார், தலை முன்பு போட்டதேதான். நகம் எத்தனை என்று கேட்பார்கள். சீனாவில் மிங், சிங் அரசர்கள் காலத்தில் ஐந்து நக டிராகன் பேரரசருக்கு உரியது, ஜப்பானிய ஓவியங்களில் பெரும்பாலும் மூன்று. எத்தனை வேண்டும் என்று அவர்களே முடிவு செய்யட்டும்.