ஈஸ்ட் வாங்கும் முன் கராஜில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள்

சாக்ரமென்டோவில் எங்கள் கராஜ் ஜூலை மதியம் 38 டிகிரி செல்சியஸ் காட்டும். ஜனவரி விடியற்காலையில் அதே கராஜ் 11 டிகிரி. வீட்டில் பியர் போடத் தொடங்கிய முதல் இரண்டு வருடம் இந்த இரண்டு எண்ணும் எனக்குத் தெரியாது. கடைக்குப் போவேன், ஈஸ்ட் பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் சுவை வர்ணனையைப் படிப்பேன், எது நாக்கில் ஊறுகிறதோ அதை வாங்கி வருவேன். ஐந்து வகை மாற்றிப் பார்த்தேன். ஐந்திலும் குடித்த மறுநாள் தலைவலியும் லேசாக நெயில் பாலிஷ் வாடையும்தான் மிச்சம். ஈஸ்ட் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆறாவதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்குவதற்காக ஓவன் லைட்டைப் போட்டு உள்ளே பாத்திரத்தை வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். அங்கே சூடு போதவில்லை என்பது கவலை. பியரில் கவலை நேர் எதிர். சூடு ஏறினால் ஈஸ்ட் அவசரப்பட்டு வேலை செய்யும். அந்த அவசரத்தில் வேண்டாத ஆல்கஹால்களையும் பழ வாடை தரும் எஸ்டர்களையும் அள்ளிக் கொட்டும். அதனால்தான் சொல்கிறேன்: அமெரிக்க பாணி ஏலுக்கு (அறைச் சூட்டையொட்டி நொதிக்கிற பியர் வகை) உலர் ஈஸ்ட் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் வீட்டை. உங்களால் எந்த வெப்பநிலையைப் பத்து நாள் பிடித்து வைக்க முடியும்? அதற்குப் பொருந்துகிற ஈஸ்ட்தான் உங்கள் ஈஸ்ட்.

அளக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். நொதிக்கும்போது வொர்ட், அதாவது முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து எடுத்த இனிப்புச் சாறு, தானே சூடாகும். அறை 20 என்றால், இரண்டாம் நாள் பக்கெட்டின் உள்ளே 22, 23 இருக்கும். சில சமயம் அதற்கும் மேலே. நான் பக்கெட்டின் பக்கவாட்டில் ஒட்டுகிற பட்டைத் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். பக்கெட்டை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பாதி உயரத் தண்ணீரில் நிறுத்தி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில் இரண்டை காலையிலும் இரவிலும் மாற்றிப் போட்டால், 26 டிகிரி அறையில் கூட 19-ல் நிறுத்தலாம். முதல் மூன்று நாள் இதைச் செய்தால் போதும். சுவையின் பெரும்பகுதி அந்த மூன்று நாளில் தீர்மானமாகிவிடும்.

சரி, இப்போது பாக்கெட்டுகளுக்கு வருவோம்.

18 முதல் 20 வரை பிடிக்க முடிகிறவர் கண்ணை மூடிக்கொண்டு சஃபேல் யூஎஸ்-05 வாங்கலாம். பிரான்சின் லெசாஃப்ர் குழுமத்தைச் சேர்ந்த ஃபெர்மென்டிஸ் தயாரிப்பது, 11.5 கிராம் பாக்கெட். பியர் போடுகிறவர்கள் இந்த ரகத்தை 'சிக்கோ' என்பார்கள். எங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் வடக்கே போனால் சிக்கோ. அங்கேதான் சியரா நெவாடா மதுவாலை 1980-ல் பியர் காய்ச்சத் தொடங்கியது. அவர்களுடைய பேல் ஏல்தான் காஸ்கேட் என்ற ஹாப்ஸ் பூவின் கிரேப்ஃப்ரூட் தோல் மணத்தை அமெரிக்கா முழுக்கப் பழக்கியது. அந்த மணம் அப்படித் தூக்கலாக நின்றதற்கு ஒரு காரணம், ஈஸ்ட் வாயை மூடிக்கொண்டு இருந்தது. 'சுத்தமான' ஈஸ்ட் என்று பியர் போடுகிறவர்கள் சொல்வது இதைத்தான். ஈஸ்ட்டின் சொந்த வாசனை குறைவு. மால்ட்டும் ஹாப்ஸும் முன்னால் நிற்கும். யூஎஸ்-05 அந்த வகை. சர்க்கரையில் சுமார் 80 சதவீதத்தைத் தின்றுவிடும். ஹைட்ரோமீட்டர் என்ற மிதவையால் அடர்த்தியை அளந்தால் (வெறும் தண்ணீர் 1.000, சர்க்கரை கூடக் கூட எண் ஏறும்), 1.052-ல் தொடங்கிய என் பேல் ஏல் வழக்கமாக 1.010-ல் நிற்கிறது; கணக்குப் போட்டால் 5.5 சதவீத ஆல்கஹால். நாக்கில் இனிப்புத் தங்காது, அடுத்த வாய்க்குக் கை போகும்.

இதற்கும் சில வீம்பு உண்டு. குளிராக இருந்தால் இன்னும் சுத்தமாக வரும் என்று நினைத்து ஒரு டிசம்பரில் 15 டிகிரியில் வைத்தேன். பியரில் பீச் பழ வாடை வந்தது. நான் ஒருவன்தான் இப்படிச் சொல்கிறேன் என்றில்லை, இந்த ரகத்தைக் குளிரில் ஓட்டிய பலரும் சொல்வது அது. இன்னொன்று, இது சீக்கிரம் அடியில் படியாது. நொதித்தல் முடிந்த பிறகும் மேலே நுரை மிதந்துகொண்டே இருக்கும். பத்தாம் நாள் அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டினால் வேலை முடிந்தது. அப்புறம் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் குளிர வைத்தால் தெளியும். ஃப்ரிட்ஜில் இடமில்லை என்றால் பாட்டிலின் அடியில் மெல்லிய வண்டலோடு வாழப் பழக வேண்டும்.

தெளிவாக வேண்டும், ஆனால் கூடுதல் வேலை வேண்டாம் என்றால் லாலெமான்ட் நிறுவனத்தின் பிஆர்ஒய்-97. சிகாகோவில் தொடங்கிய சீபெல் என்ற பியர் கல்வி நிறுவனத்தின் ஈஸ்ட் சேகரிப்பிலிருந்து எடுத்த அமெரிக்க மேற்குக்கரை ரகம். 15 முதல் 22 வரை தாங்கும். நன்றாகத் திரண்டு அடியில் இறுகிப் படியும். பாட்டிலை ஊற்றும்போது கடைசி விரற்கடை வரை தெளிவாக வரும். எனக்கு வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ.வுக்கு (ஹாப்ஸ் கசப்பு தூக்கலான, தெளிவான ஏல்) இதுதான் பிடித்தது. ஆனால் பொறுமை வேண்டும். இது மெதுவாகக் கிளம்புகிற ஈஸ்ட். முதல் தடவை 30 மணி நேரம் ஏர்லாக்கில், அதாவது மூடியில் வாயு வெளியேற வைக்கிற குழாயில், ஒரு குமிழி இல்லை. செத்துவிட்டது என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை மூடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் கடைக்கு ஓடி இன்னொரு பாக்கெட் வாங்கிவந்து கொட்டினேன். மறுநாள் காலை நுரை ஏர்லாக் வழியாகப் பொங்கி கராஜ் தரையில் வழிந்திருந்தது. முதல் பாக்கெட் சாகவில்லை, தூங்கி எழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது நான் இரண்டு முழு நாள் பக்கெட்டின் பக்கமே போவதில்லை.

குளிர்காலத்தில் சூடுபடுத்த வழி இல்லாதவருக்கு நாட்டிங்ஹாம். பெயரைப் பார்த்தாலே தெரியும், இங்கிலாந்து வழி வந்தது. இருந்தாலும் அமெரிக்க ஏலுக்குத் தாராளமாகப் போடலாம், ஏனென்றால் குளிரில் இது யூஎஸ்-05-ஐ விட ஒழுங்காக நடந்துகொள்ளும். 10 டிகிரி வரை இறங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஜனவரியில் என் கராஜில் 14, 15 டிகிரியில் ஓட்டுகிறேன். கிட்டத்தட்ட லாகர் (குளிரில் நொதிக்கிற பியர்) மாதிரி சுத்தம், ஒரு வாரத்தில் கண்ணாடி போலத் தெளிவு. 22-க்கு மேலே போனால் இதன் குணம் மாறிவிடும், ஒரு புளிப்புக் கடுப்பு வரும். ஆகவே மார்ச்சுக்குப் பிறகு என் வீட்டில் இதற்கு வேலை இல்லை.

கோடைக்கு? பனிக்கட்டி பாட்டில் மாற்ற நேரமில்லாத வாரங்களுக்கு நான் வைத்திருப்பது வாஸ் க்வெய்க். நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறையாகக் காத்துவந்த ஈஸ்ட், இப்போது லாலெமான்டின் உலர் பாக்கெட்டாகவே கிடைக்கிறது. மற்ற ஈஸ்ட்கள் கெட்டுப்போகும் சூட்டில்தான் இதற்கு உற்சாகம். 35 முதல் 40 வரை அதற்கு உகந்த சூடு. மூன்று நாளில் முடித்துவிடும். சிக்கோ மாதிரி அமைதியாக இருக்காது, ஆரஞ்சுத் தோல் வாசனை ஒன்று கூடவே வரும். காஸ்கேட், அமரில்லோ போன்ற ஹாப்ஸோடு அது இழைந்துபோகும். ஒரே நிபந்தனை: 5 சதவீதத்துக்குக் கீழான லேசான பியர் என்றால் கொதி முடியும் நேரத்தில் கொஞ்சம் ஈஸ்ட் நியூட்ரியன்ட் போடுங்கள், இதற்குப் பசி அதிகம்.

மங்கலான, பழச்சாறு போன்ற நியூ இங்கிலாந்து ஐ.பி.ஏ. போட நினைப்பவருக்கு மேலே சொன்ன எதுவும் முதல் தேர்வு அல்ல. அதற்கு வெர்டன்ட். இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஒரு மதுவாலையோடு சேர்ந்து கொண்டுவந்த ரகம். ஆப்ரிகாட் வாசனை தரும், 18 முதல் 23 வரை சுகமாக இருக்கும், சர்க்கரையில் கொஞ்சத்தை மிச்சம் வைக்கும். அந்த மிச்சம்தான் வாயில் நிறைவாக இருக்கிறது.

ஒரு பாக்கெட்டை மட்டும் கவனமாகத் தள்ளி வையுங்கள்: பெல் சேசான். நல்ல ஈஸ்ட்தான், ஆனால் பெல்ஜிய சேசானுக்கு. மற்ற ஈஸ்ட்கள் தொடாத மாவுச்சத்துத் துண்டுகளையும் உடைத்துத் தின்கிற ரகம் அது. சரியாகக் கழுவாத ரப்பர் குழாயில் கொஞ்சம் ஒட்டியிருந்து அடுத்த பேல் ஏலில் கலந்தால், பாட்டிலுக்குள் போன பிறகும் தின்றுகொண்டே இருக்கும். அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கலாம். அதற்கென்று தனிக் குழாய், தனி பக்கெட் வைத்துக்கொள்ள முடிந்தால் வாங்குங்கள்.

எத்தனை பாக்கெட்? 5 கேலன், அதாவது 19 லிட்டருக்கு, 1.060 வரை ஒன்று போதும். 1.065-ஐத் தாண்டினால் நான் இரண்டு போடுகிறேன். கஞ்சப்பட்டு ஒன்று போட்டால் ஈஸ்ட் பாதி வழியில் களைத்து உட்கார்ந்துவிடும். இனிப்பான, அரைகுறைப் பியரைத்தான் பாட்டிலில் அடைக்க வேண்டியிருக்கும்.

நேரே தூவுவதா, தண்ணீரில் ஊற வைப்பதா என்று இங்கே ஒரு முடிவில்லாச் சண்டை உண்டு. நான் 5 சதவீத ஏலுக்கு நேரே தூவுகிறேன், இதுவரை கெட்டதில்லை. கனமான பியருக்கு மட்டும் ஊற வைப்பேன்: ஈஸ்ட் எடையின் பத்து மடங்கு தண்ணீர், 11 கிராமுக்கு 110 மில்லி. கொதிக்க வைத்து 30-35 டிகிரிக்கு ஆற்றியது. மேலே தூவி 15 நிமிடம் தொடாமல் விட்டு, மெல்லக் கலக்கி, இன்னும் 5 நிமிடம். பிறகு வொர்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இரண்டின் சூட்டுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாதபடி ஆற்றி ஊற்ற வேண்டும். நேரே தூவினாலும் சரி, வொர்ட் நொதிக்கும் வெப்பநிலைக்கு வந்த பிறகு தூவுங்கள். 28-ல் தூவிவிட்டு இரவு தானே குளிரும் என்று படுக்கப்போவதுதான் என் பழைய நெயில் பாலிஷ் பியர்களின் ரகசியம். இன்னொரு நல்ல செய்தி: உலர் ஈஸ்ட் தேவையான கொழுப்புச் சேமிப்போடுதான் பாக்கெட்டுக்குள் வருகிறது, ஆகவே முதல் தடவை ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்து வொர்ட்டில் காற்றேற்ற வேண்டியதில்லை. அந்தச் சிலிண்டர் வாங்க வைத்திருந்த காசில் நான் ஒரு நல்ல ஹைட்ரோமீட்டர் வாங்கினேன்.

கடையில் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது தேதியைப் பாருங்கள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்றும் பாருங்கள். வெயில் விழும் ஜன்னலோர அலமாரியில் தொங்கியதை ஒருமுறை பாதி விலைக்கு வாங்கி, பியரில் பாதியை சிங்க்கில் கொட்டினேன். வீட்டிலும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பிரித்த பாக்கெட்டை ஒட்டி மூடி மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவேன். அதற்கு மேல் ஆனால் ரொட்டி மாவுக்குப் போய்விடும்.

இத்தனை படித்தும் எது உங்களுக்கு என்று குழப்பம் தீரவில்லை என்றால், ஒரே தடவையில் காய்ச்சிய வொர்ட்டை இரண்டாகப் பிரியுங்கள். நான் போன செப்டம்பரில் செய்தேன். 10 பவுண்டு டூ-ரோ மால்ட், அரை பவுண்டு கிறிஸ்டல் 40 (கேரமல் சுவை தரும் மால்ட்), காஸ்கேட் ஹாப்ஸ், 67 டிகிரி வெந்நீரில் மால்ட் ஊறல், 1.052. இரண்டு சின்ன பக்கெட்டில் சரிபாதி. ஒன்றில் யூஎஸ்-05, இன்னொன்றில் வெர்டன்ட், இரண்டும் ஒரே தொட்டித் தண்ணீரில் 19 டிகிரி. முதலாவது 1.010-ல் நின்றது, இரண்டாவது 1.014-ல். காகிதத்தில் நான்கு புள்ளிதான் வித்தியாசம். கிளாஸில் ஊற்றியபோது ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ் என்று சொன்னால் நண்பர்கள் நம்பவில்லை. என் மனைவிக்கு வெர்டன்ட் பிடித்தது, எனக்கு யூஎஸ்-05. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை சொந்தக் குடிப்புக்குப் போட்டுக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் தந்த சலுகை அது. நாங்கள் 50-ஐக்கூடத் தொட்டதில்லை. அதனால் இப்போது ஒவ்வொரு தடவை காய்ச்சுவதையும் இரண்டு பக்கெட்டாகவே பிரிக்கிறோம். மூடிமேல் பெயர் எழுதி டேப் ஒட்டுவது என் வேலை, ஏனென்றால் முதல் தடவை ஒட்டாமல் விட்டு, எது எவருடையது என்று மூன்று வாரம் சண்டை போட்டோம்.