வேறுபடுத்தி வலுவூட்டலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேண்டாத நடத்தைக்குக் கிடைத்துவந்த பலனை நிறுத்து, அதற்குப் பதிலான நல்ல நடத்தைக்கு உடனே பலன் கொடு. வேறுபடுத்தி வலுவூட்டல் இவ்வளவுதான். சிறப்புப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இது ஒரே நாளில் புரிந்துவிடுகிறது. பத்தே நாளில் "இந்தப் பிள்ளைக்கு இது சரிப்படவில்லை" என்று கைவிட்டும் விடுகிறார்கள். பொறுமை வேண்டும், கோபப்படக் கூடாது என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. அதற்கு அப்பால் உள்ளவற்றைப் பார்ப்போம்.

காரணம் தெரியாமல் பரிசைத் தேர்ந்தெடுப்பது

திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது, ஏனென்றால் கெட்ட பெயர் பிள்ளைக்குத்தான் வருகிறது.

ஏழு வயதுப் பையன். கணக்கு நோட்டை எடுத்தாலே கத்துகிறான். கத்தாமல் இருந்தால் ஸ்டார் ஸ்டிக்கர், கத்தினால் ஐந்து நிமிடம் வகுப்புக்கு வெளியே என்று ஆசிரியை முடிவு செய்கிறார். ஒரே வாரத்தில் கத்தல் கூடுகிறது. கூடாமல் என்ன செய்யும்? அவனுக்கு வேண்டியது கணக்கிலிருந்து விடுபடுவது. வெளியே அனுப்பியதும் அது கிடைத்துவிட்டது. தண்டனை என்று நினைத்தது கத்தலுக்குக் கூலியாகிவிட்டது.

கவனம் வேண்டும், ஒரு பொருள் வேண்டும், வேலையிலிருந்து தப்ப வேண்டும், அல்லது அந்தச் செயலே உடலுக்கு இதமாக இருக்கிறது. பெரும்பாலான நடத்தைகளுக்குப் பின்னால் இந்த நான்கில் ஒன்று இருக்கும். எது என்று ஊகிக்காதீர்கள். நோட்டில் மூன்று கட்டம் போட்டு ஐந்து நாள் எழுதுங்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே பெரியவர்கள் என்ன செய்தார்கள். விடை பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் இருக்கும்.

1985-இல் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பாடம் கடினமாக இருந்ததால் தொல்லை செய்த பிள்ளைகளுக்கு "எனக்குப் புரியவில்லை" என்று உதவி கேட்கவும், கவனத்துக்காகச் செய்தவர்களுக்குப் பாராட்டைக் கேட்டு வாங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்திய பேச்சு தொல்லையைக் குறைத்தது. பொருந்தாதது குறைக்கவில்லை.

ஆகவே நம் பையனுக்குத் தேவை ஓய்வு கேட்கும் வழி. உள்ளங்கை அளவில் ஒரு 'பிரேக்' அட்டையை மேசைமேல் வையுங்கள். முகம் சுளித்து நோட்டைத் தள்ளும் கணத்திலேயே, கத்துவதற்கு முன், அவன் கையைப் பிடித்து அட்டையைக் கொடுக்கச் செய்யுங்கள். உடனே ஒரு நிமிட ஓய்வு. முதல் வாரம் எத்தனை முறை கொடுத்தாலும் ஓய்வு கிடைக்க வேண்டும். "இன்னும் ஒரு கணக்கு முடி" என்று அப்போது சொன்னால் அட்டையைவிடக் கத்தலே அவனுக்கு லாபம். முழு வாக்கியமாகக் கேட்கச் சொல்வதும் இப்போது வேண்டாம்.

அதற்குள் கத்திவிட்டால் ஓய்வு கிடையாது, திட்டும் கிடையாது. உதவி செய்து ஒரு சிறு படியை முடிக்க வையுங்கள். சில நொடி அமைதியான பிறகே அட்டையை நினைவுபடுத்துங்கள். கத்தியவுடனே அட்டையை நீட்டினால், 'கத்து, பிறகு அட்டை கொடு' என்பதையே அவன் ஒரு வரிசையாகக் கற்றுக்கொள்வான். அட்டைப் பழக்கம் நிலைத்தபின் ஒரு கணக்கு முடித்துப் பிரேக், பிறகு இரண்டு, பிறகு நான்கு. கத்தல் திரும்பினால் ஒரு படி இறங்குங்கள்.

எண்ணாமல் நேரம் குறிப்பது

வேறுபடுத்தி வலுவூட்டலில் டி.ஆர்.ஓ. (DRO) என்றொரு வகை உண்டு: குறித்த நேரம்வரை வேண்டாத நடத்தை வராவிட்டால் பலன் தருவது. இதில் "அரை மணி நேரம் கிள்ளாமல் இருந்தால் பிஸ்கட்" என்று தொடங்குகிறார்கள். ஒரு மணி நேரத்தில் 12 முறை கிள்ளும் பிள்ளை சராசரியாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிள்ளுகிறது. அதற்கு அரை மணி என்றால் பிஸ்கட்டைக் கண்ணாலும் பார்க்காது. 4 நிமிடத்தில் தொடங்குங்கள். இடையில் கிள்ளினால் அறிவுரை சொல்லாமல் டைமரை மறுபடி வையுங்கள். மூன்று அமர்வு தொடர்ந்து தேறினால் 5 நிமிடம்.

மணி அடிக்கும்போது பிள்ளை துப்பிக்கொண்டிருந்தால், அந்தப் பிஸ்கட் துப்புவதை வளர்க்கும். சில நொடி பொறுத்துக் கொடுங்கள்.

மூன்றாம் நாள் விட்டுக்கொடுப்பது

பலன் நின்றதும் நடத்தை குறைவதற்கு முன் உச்சத்துக்குப் போகலாம். அந்த நேரம் பார்த்துப் பாட்டி போனைக் கொடுத்தால், இனி அந்த உச்சத்திலிருந்துதான் தொடங்கும். வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டுத் தொடங்குங்கள். கத்தலுக்கான பலனை முழுதாக நிறுத்த முடியாத வீடு என்றால் நல்ல வழியின் பலனைக் கூட்டுங்கள்: கத்தினால் அரை நிமிட ஓய்வு, அட்டை கொடுத்தால் மூன்று நிமிடம்.

தலையை முட்டிக்கொண்டாலும் பாராமல் இருப்பது

கூடாது. எதுவும் பேசாமல், தலையணையை வைத்துத் தடுங்கள். அன்றே நிபுணரை அழையுங்கள்.

திடீரென்று முளைத்த நடத்தைக்கு அட்டை போடுவது

முதலில் டாக்டர். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் காரணமாக இருக்கலாம்.