உப்புக்காற்று அடிக்கும் ஊரில் தகரச் சுவரில் வெளிவிளக்கு மாட்டும் முறை

பாம்பன் பக்கம் எங்கள் வலைக் கொட்டகையில் முதல் தடவை ஃபோகஸ் லைட் மாட்டியது பத்து நிமிட வேலை. ஷீட்டின் மேட்டில் நேராக நாலு ஸ்க்ரூ, வயருக்கு ஒரு ஓட்டை, அவ்வளவுதான். இரண்டு ஐப்பசி மழை போனதும் நாலு ஸ்க்ரூவிலிருந்தும் துரு கோடு கோடாக ஒழுக ஆரம்பித்தது, அப்புறம் அந்த இடத்தில் தகரம் அப்பளம் மாதிரி பொடிந்தது, கச்சான் காற்று கிளம்பிய ஒரு ராத்திரி விளக்கு வயரிலேயே தொங்கிக்கொண்டு விடியும்வரை சுவரில் மோதிக்கொண்டிருந்தது. விளக்கு மட்டும் அணையவே இல்லை. அன்றிலிருந்து எந்த விளக்கு வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் ஓட்டை எங்கே, எத்தனை, எதால் மூடுவது என்றுதான் யோசிக்கிறேன்.

நம் கரை உலோகத்துக்குக் கொடுமையான கரை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) துருப்பிடிப்பைச் சோதிக்கவே மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கும் துருவைத் தாங்கும் தனிப் பூச்சு கொடுத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். நம் கொட்டகை ஷீட்டோ பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. மேலே இருக்கும் துத்தநாக, அலுமினியப் பூச்சும் பெயின்ட்டும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. ஓட்டை போட்டால் அந்தப் பூச்சைக் கிழிக்கிறோம் என்று அர்த்தம்.

முதலில் இடம். விளக்கின் எடையை ஷீட் தாங்கக் கூடாது, உள்ளே ஷீட்டைப் பிடித்து நிற்கும் குறுக்குச் சட்டமான பர்லின் தாங்க வேண்டும். பர்லின் எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்தே தெரியும்: சுவரில் ஏற்கெனவே அடித்த ஸ்க்ரூக்கள் படுக்கை வசத்தில் வரிசையாக இருக்கும், அந்த வரிசைக்குப் பின்னால்தான் பர்லின். நீங்கள் நினைத்த உயரத்தில் பர்லின் இல்லையென்றால், உள்பக்கம் இரண்டு பர்லினுக்கு நடுவே ஒரு பாக்ஸ் பைப்பை (சதுரக் குழாய்) போல்ட் போட்டு நிறுத்துங்கள். வெல்டிங் வேண்டாம். அந்தச் சூட்டில் ஷீட்டின் பின்பக்கப் பூச்சு கருகிவிடும், ஆறு மாதம் கழித்து வெளியே துருப்புள்ளி வந்த பிறகுதான் தெரியும்.

மேடா பள்ளமா என்று கேட்டால், சுவரில் பள்ளம்தான். கூரையில் தண்ணீர் பள்ளத்தில் ஓடுவதால் மேட்டில் அடிப்பார்கள், அதே பழக்கத்தில் சுவரிலும் மேட்டில் அடித்துவிடுகிறார்கள். மேட்டுக்குப் பின்னால் வெற்றிடம். முறுக்க முறுக்க மேடு நசுங்கும், வாஷர் சரியாக உட்காராது, காற்று ஆட்ட ஆட்ட ஓட்டை பெரிதாகும். பள்ளத்தில் ஷீட் பர்லினோடு ஒட்டியே இருக்கும், ஸ்க்ரூ உறுதியாகப் பிடிக்கும்.

இனி முக்கியமான விஷயம், அடிப்பலகை. விளக்கின் பிராக்கெட்டை நேராகத் தகரத்தில் வைக்காதீர்கள். நடுவில் ஒரு பலகை வேண்டும். மரம் நம் ஊர் ஈரத்தில் உப்பிவிடும், இரும்புப் பட்டை தானும் துருப்பிடித்துச் சுவரையும் கெடுக்கும். நான் போடுவது ஃபைபர். ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பவர்களிடம் போய், 6 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல் ஒரு துண்டு கேளுங்கள், வெட்டி எறிந்த துண்டே போதும். துருப்பிடிக்காது, கரன்ட் கடத்தாது, வெயிலுக்கு ஒரு கோட் பெயின்ட் அடித்தால் பல வருஷம் கிடக்கும். கேட்கிற நேரம் மட்டும் பார்த்துக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் எல்லா வேலையும் அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

அளவு ஷீட்டைப் பொறுத்தது. இப்போது வரும் கலர் ஷீட்டில் மேட்டுக்கு மேடு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இருப்பதால், நடுப் பள்ளத்துக்குள்ளேயே பலகை அடங்கிவிடும். பள்ளத்தை அளந்து, பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் சரி. பழைய அலைத் தகரம் என்றால் தட்டையான பள்ளமே கிடையாது. அங்கே பலகை மூன்று மேடுகளின் மேல் உட்காரட்டும், ஸ்க்ரூ போகும் பள்ளத்தில் மட்டும் அதே ஃபைபரை அடுக்கி முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் இறுக்கும்போது மேடு சப்பிவிடும்.

பலகையைச் சுவரில் வைப்பதற்கு முன்பே, தரையில் வைத்து, பிராக்கெட்டுக்கான போல்ட்டுகளைப் பின்பக்கமிருந்து நுழைத்துவிடுங்கள். தலை பலகைக்குள் புதைகிற மாதிரி பின்பக்கம் குடைந்து, மேலே கொஞ்சம் ரெசின் பூசி மூடுங்கள். 6 மில்லிமீட்டரில் தலை புதையாது என்றால் இரண்டு துண்டை ஒட்டிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் நாளைக்கு விளக்கு பழுதானால் நட்டைக் கழற்றி வேறு விளக்கு மாட்டலாம், சுவரைத் தொடவே வேண்டாம். இந்தப் போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக (எஸ்எஸ்) இருக்கலாம், ஏனென்றால் அவை ஃபைபரை மட்டும்தான் தொடுகின்றன. ஆனால் பலகையைச் சுவரோடு பிடிக்கும் ஸ்க்ரூவுக்கு எஸ்எஸ் வேண்டாம். பூச்சுள்ள ஷீட்டோடு எஸ்எஸ் சேர்ந்து உப்பு ஈரமும் பட்டால் ஷீட்டின் பூச்சுதான் கரையும். செம்பு, பித்தளை இன்னும் மோசம். கடல் ஓரத்துக்கென்று கனமான பூச்சோடு வரும், தானே துளைத்து இறங்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, கறுப்பு ரப்பர் வாஷரோடு கேட்டு வாங்குங்கள். சாதா ஸ்க்ரூவைவிட விலை கூடத்தான், ஒரு பலகைக்கு நாலுதானே வேண்டும்.

வயர் ஓட்டையைப் பலகைக்குப் பின்னால் மறைகிற இடத்தில் போடுங்கள், பலகையிலும் அதற்கு நேரே ஒரு ஓட்டை. ஸ்டெப் டிரில் அல்லது ஹோல் சா, மெதுவான வேகம். கட்டிங் மெஷினைச் சுவர்ப் பக்கம் கொண்டுவரவே கூடாது. அதன் பொறி பட்ட இடமெல்லாம் பெயின்ட்டில் சின்னச் சின்னப் பொத்தல் விழும். துளைத்து முடித்ததும் உதிர்ந்த இரும்புத் தூளை அன்றைக்கே மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், நாளைக்கு என்று விட்டால் ராத்திரிப் பனியில் ஒவ்வொரு தூளும் ஒரு துருப்பொட்டாகிவிடும். வெட்டு விளிம்பில் பெயின்ட் தொட்டு, ஓட்டை விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட் மாட்டுங்கள்.

இந்தக் குரோமெட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஷீட் விளிம்பு பிளேடு மாதிரி. வெயிலில் நீண்டு ராத்திரியில் சுருங்கும் ஷீட், 6 மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி மாறினாலே 2 மில்லிமீட்டர் நகரும், அந்த நகர்விலும் காற்றின் அதிர்விலும் தினம் தினம் வயரின் தோலைச் சுரண்டும். ஒருநாள் உள்ளே இருக்கும் செம்பு தகரத்தைத் தொட்டால் முழுக் கொட்டகைக்கும் கரன்ட் ஏறும். கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கி வரும் அக்காமார் ஈரக் கையோடு, வெறுங்காலோடு அந்தச் சுவரில்தான் சாய்ந்து நிற்பார்கள். அதனால் மூன்று கோர் கேபிள் போடுங்கள். பச்சை வயரை விளக்கின் உடம்போடு சேருங்கள், கொட்டகையின் இரும்புச் சட்டத்தையும் தனியாக எர்த் பண்ணுங்கள், கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இணைப்பே கொடுக்காதீர்கள். எர்த் பைப் காய்ந்த மேல்மணலோடு நின்றுவிட்டால் பிரயோஜனமில்லை, ஈர மண் வரை இறங்க வேண்டும். இந்தப் பகுதியை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், எர்த்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஒட்டுவதற்கு சிலிக்கான் வாங்கும்போது மோந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் அது அமில வகை, தகரத்தின் பூச்சை அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதுதான் வேண்டும். பலகையின் பின்பக்கம் மேல் விளிம்பிலும் இரண்டு பக்க விளிம்பிலும் சிலிக்கானால் கோடு இழுத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். நாலு பக்கமும் அடைத்தால் எப்படியோ உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே ஊறும். வயர் ஓட்டையைச் சுற்றி மட்டும் தனியாக ஒரு முழு வட்டம். அப்புறம் பலகையை அழுத்தி வைத்து ஸ்க்ரூவை இறக்குங்கள். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கினால் நிறுத்துங்கள், அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் கிழியும்.

தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுக்கும் தரத்தைச் சொல்லும் ஐபி எண் விளக்கில் 65க்குக் குறையாமல் இருக்கட்டும், கடலைப் பார்த்த சுவருக்கு 66 நல்லது. கம்பெனி தரும் குட்டை வயரோடு நம் வயரைச் சேர்க்கும் மூட்டு கொட்டகைக்கு உள்ளே, வயர் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் கிளாண்ட் கீழ்நோக்கிய பாக்ஸுக்குள் வரட்டும். அந்தக் குட்டை வயர் எட்டாவிட்டால் அதே மாதிரி பாக்ஸை வெளியே இறவாரத்தின் அடியில் வையுங்கள். விளக்கிலிருந்து வரும் வயர் ஓட்டைக்குள் நுழையும் முன் ஒரு கை அளவு கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

ஆடிக் காற்றில் ஏணி ஏறாதீர்கள். சித்திரை வெயிலில் என்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் தகரத்தில் கை வைக்க முடியாது. மாட்டிய பிறகு மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்து விளக்கையும் பலகையையும் கழுவுங்கள். இறவாரத்துக்கு அடியில் மழை படாது, அதனால் உப்பு அங்கேதான் அதிகம் படியும்.

பிராக்கெட் நட்டைப் பகலிலேயே கடைசிவரை இறுக்க வேண்டாம். இருட்டிய பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, கரைக்கு நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். வெளிச்சம் வலை காயும் தரையில் விழ வேண்டும், கடலைப் பார்த்து விழக் கூடாது. தை முதல் பங்குனி வரை நம் மணலில் ஆமை முட்டையிட ஏறும், குஞ்சுகள் பொரிந்ததும் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் ஓடும், கரையில் விளக்கு தெரிந்தால் கடலை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்துவிடும். மஞ்சள் வெளிச்சமாக வாங்கி, முகத்தை நன்றாகக் கீழே சாய்த்து, கரையிலிருந்து பார்த்தால் பல்பு கண்ணில் படாத கோணத்தில் நட்டை இறுக்குங்கள்.