ஞாயிறு விருந்துக்குச் சனிக்கிழமைச் சமையல்: ஆராதனை முடிந்து வருகிற 8 பேருக்கு ஆட்டுக்கறிச் சாப்பாடு

ஆராதனை முடிந்து சபையார் ஆலய வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் நேரம்தான் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட ஏற்ற நேரம். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த குடும்பம், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள், நைட் டூட்டி முடித்து நேராக ஆலயத்துக்கு வந்த நர்ஸ், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க வீட்டில் தனியாகச் சாப்பிடும் பெரியவர் என்று கண்ணெதிரே பலர் நிற்பார்கள். கூப்பிட மனது இருக்கும். இனிமேல் போய்க் கறி வாங்கி, மசாலா அரைத்து, எப்போது சோறு போடுவது என்று நினைத்ததும் வாய் வராது. வேலையில் முக்கால் பங்கைச் சனிக்கிழமையே முடித்துவிட்டால் அந்தத் தயக்கம் இருக்காது.

"முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்கிறது 1 பேதுரு 4:9. முறுமுறுப்பு பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்து அடுப்படியில்தான் பிறக்கிறது. இயேசுவை வீட்டுக்கு அழைத்த மார்த்தாளுக்குச் சமைக்கத் தெரியும். வந்தவரோடு உட்காரத்தான் நேரமில்லாமல் போயிற்று. விருந்தாளி வந்தபின் வீட்டுக்காரர் அவரோடு உட்கார வேண்டும், அதற்காகத்தான் இந்த முன்னேற்பாடு.

என்ன சமைக்கப் போகிறோம்

தேங்காய்ப்பால் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய் தால்ச்சா, வெங்காயத் தயிர்ப் பச்சடி, கடைசியில் கேரமல் புட்டிங். இவற்றில் கறியும் புட்டிங்கும் ஒரு நாள் இருந்தால் ருசி கூடுபவை. தால்ச்சாவுக்கான பருப்பு முந்தின நாள் வெந்தாலும் குறை ஒன்றுமில்லை. சோறு மட்டும் அன்றன்றைக்குத்தான். சனிக்கிழமை வடித்த சோற்றைச் சூடாக்கிப் போடும் எண்ணம் வேண்டாம். அரிசியில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு வெளியே ஆறிக் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

கூப்பிடும்போதே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: கறி சாப்பிடுவார்களா, முட்டை சாப்பிடுவார்களா. லெந்து (ஈஸ்டருக்கு முந்தின நோன்பு) நாட்களில் கறியை விட்டிருப்பவர்கள் நிறைய உண்டு. அப்போது தால்ச்சாவே முதன்மைக் குழம்பு, அளவை இரட்டிப்பாக்கிவிடுங்கள். "ஒரு நாள் வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். "வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் அப்படியே எங்ககூட வீட்டுக்கு வந்திருங்க" என்று நாளும் நேரமும் வைத்துச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை: கறி வாங்குவது

எலும்போடு 1½ கிலோ வெள்ளாட்டுக்கறி வாங்குங்கள். தொடைக்கறி மட்டும் வாங்கினால் குழம்பு சப்பென்று இருக்கும். ஆறிய பிறகு கறியும் நார்நாராகப் போகும். தொடை பாதி, நெஞ்செலும்பும் கழுத்தும் பாதி என்று கலந்து கேளுங்கள். எலும்பிலும் ஜவ்விலும் இருந்து இறங்கும் பசைதான் மறுநாள் குழம்பைக் கெட்டியாக்குகிறது. துண்டுகள் பெரிய எலுமிச்சை அளவு இருக்கட்டும். இரண்டு தடவை சூடேறப் போகிற கறி என்பதால் சின்னத் துண்டுகள் கரைந்துவிடும்.

சனிக்கிழமை மாலை, முதல் வேலை: புட்டிங்

கறி அடுப்பில் ஏறும் முன் இதை முடித்துவிடுங்கள். பாலும் முட்டையும் மசாலா வாசனையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்.

பால் 750 மில்லி, முட்டை 6, சர்க்கரை 150 கிராம், வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன். கேரமலுக்குத் தனியாக 100 கிராம் சர்க்கரை, 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர்.

1. 1½ லிட்டர் கொள்ளும் அலுமினிய அச்சையோ எவர்சில்வர் டப்பாவையோ பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கேரமல் பதம் வந்தபின் பாத்திரம் தேட நேரம் இருக்காது.
2. கேரமல் சர்க்கரையைத் தண்ணீரோடு மிதமான தீயில் வையுங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் மறுபடி சர்க்கரையாகவே கட்டிக்கொள்ளும். வாணலியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். முதலில் ஓரத்தில் தேன் நிறம் வரும், பிறகு நடுவுக்குப் பரவும். கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்துக்கு வந்ததும் இறக்கி உடனே அச்சில் ஊற்றிச் சுற்றிலும் படரவிடுங்கள். புகை வரும்வரை விட்டால் கசக்கும். கசந்ததைச் சரிசெய்ய வழியில்லை, புதிதாகத்தான் காய்ச்ச வேண்டும்.
3. விரல் பொறுக்கும் சூட்டில் பாலில் சர்க்கரையைக் கரையுங்கள். முட்டையை நுரை வராமல் கலக்கி, பாலில் சேர்த்து, எசன்ஸ் விட்டு, வடிகட்டி அச்சில் ஊற்றுங்கள்.
4. வாயை அலுமினிய ஃபாயிலால் இறுக மூடுங்கள். மூடாவிட்டால் மேல்மூடியில் இருந்து ஆவித்தண்ணீர் சொட்டி மேல்பாகம் குழைந்துவிடும்.
5. இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் உள்ளே வைத்து, தீயை நன்றாகக் குறைத்து 35 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். அச்சை ஆட்டினால் நடுப்பகுதி மட்டும் லேசாக ஆடினால் பதம் சரி.

புட்டிங்கில் ஓட்டை ஓட்டையாக வந்தால் தீ கூடிவிட்டது என்று அர்த்தம். முட்டை அளவுக்கு மீறி வெந்து சுருங்கி, தண்ணீரை வெளியே தள்ளியிருக்கும். ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், அச்சில் இருந்து எடுக்க வேண்டாம். ராத்திரி முழுக்க இருந்தால் அடியில் கெட்டியான கேரமல் தானாகக் கரைந்து பாகாகிவிடும்.

பருப்பு

துவரம்பருப்பு 200 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், மஞ்சள்தூள் ½ டீஸ்பூன். குழைய வேகவைத்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பும் புளியும் இப்போது வேண்டாம்.

கறிக் குழம்பு

எண்ணெய் 100 மில்லி, பட்டை 2 துண்டு, கிராம்பு 6, ஏலக்காய் 4, உரித்த சின்ன வெங்காயம் 250 கிராம், தக்காளி 300 கிராம், இஞ்சி பூண்டு விழுது 3 டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 3 டீஸ்பூன், மல்லித்தூள் 4 டேபிள்ஸ்பூன், சீரகத்தூள் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் 2 டீஸ்பூன், கறிவேப்பிலை 2 இணுக்கு, தூள் உப்பு 3 டீஸ்பூன்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக: அரை மூடித் தேங்காய்த் துருவல், சோம்பு 1 டீஸ்பூன், முந்திரி 8. இதை மையாக அரைத்து மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அரைத்த தேங்காயைச் சனிக்கிழமையே குழம்பில் விடக் கூடாது. குழம்பில் சீக்கிரம் கெடுவது தேங்காய்தான். இரண்டாம் தடவை கொதிக்கும்போது திரிந்து எண்ணெய் தனியாகப் பிரியவும் செய்யும். உருளைக்கிழங்கு போடுவதானால் அதையும் மறுநாள் போடுங்கள்.

1. 7½ லிட்டர் குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய வெங்காயம் போட்டுப் பொன்னிறமாக வதக்குங்கள். இதற்கு 10 முதல் 12 நிமிடம் ஆகும். இங்கே அவசரப்பட்டால் குழம்பில் பச்சை வெங்காய இனிப்பு தங்கிவிடும்.
2. இஞ்சி பூண்டு விழுதைப் பச்சை வாடை போக வதக்கி, தக்காளி சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் தெளியும்வரை விடுங்கள்.
3. தீயைக் குறைத்துத் தூள்களைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டுங்கள். அடி பிடிப்பதுபோல் தெரிந்தால் கால் டம்ளர் தண்ணீர் தெளியுங்கள். மிளகாய்த்தூள் கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும்.
4. கறியையும் உப்பையும் போட்டு, 8 நிமிடம் அதன் நீரிலேயே பிரட்டுங்கள்.
5. 500 மில்லி சுடுதண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து இளங்கறிக்கு 12 நிமிடம், முற்றின கறிக்கு 20 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும்.

திறந்து ஒரு துண்டைக் கரண்டி ஓரத்தால் அழுத்திப் பாருங்கள். கறி பள்ளம் விழுந்து விரிய வேண்டும், எலும்பை விட்டுக் கழன்றுவிடக் கூடாது. மீதி வேக்காடு நாளைய கொதியில் வந்துவிடும். உப்பு இப்போது ஒரு மட்டு குறைவாகத் தெரிவதுதான் சரி. ராத்திரியில் கறிக்குள் உப்பு இறங்கும், காலையில் தேங்காய் சேரும்; அதன்பிறகு பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஆறவைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்

கனமான குக்கரில் 3 லிட்டர் குழம்பை மூடி வைத்தால் நடுப்பகுதி நள்ளிரவு தாண்டியும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிகள் பெருகுவது அந்த வெதுவெதுப்பில்தான். ஆகவே குழம்பை வாயகன்ற இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அவற்றைக் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் வையுங்கள். அவ்வப்போது ஈரமில்லாத கரண்டியால் கிளறுங்கள். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். வெளியிலேயே வைத்துவிட்டுக் காலையில் கொதிக்கவைத்தால் போதும் என்ற பழக்கம், இங்குள்ள வெக்கைக்குப் பொருந்தாது. ராத்திரி கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் 4 மணி நேரம்வரை குளிர் தாங்கும்.

தேங்காய்ப்பால்

இரண்டு பெரிய தேங்காய். சீரக சம்பா 1 கிலோவை ஏதாவது ஒரு டம்ளரில் அளந்து பாருங்கள். அரிசி 4 பங்கு என்றால் பால் 7 பங்கு வேண்டும்: முதல் பால் 2 பங்கு, இரண்டாம் மூன்றாம் பால் சேர்ந்து 5 பங்கு. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து, தனித்தனிப் பாத்திரங்களில் ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் முதல் பால் மேலே வெண்ணெய்போல் கட்டியிருக்கும். அது கெட்டதல்ல, கலக்கினால் சேர்ந்துகொள்ளும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

மேசைவிரிப்பு, தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் தூங்கப் போகும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றைச் சர்க்கரையோடு கலந்து ஒரு பாட்டிலில் வைத்தால் ஜூஸும் தயார்.

ஞாயிறு: வீடு திரும்பியதில் இருந்து ஒரு மணி நேரம்

ஆலயத்துக்குக் கிளம்பும்போது குழம்பை "குளிர் விடட்டும்" என்று வெளியே எடுத்து வைக்காதீர்கள். திருவிருந்து (நற்கருணை) உள்ள ஞாயிறு என்றால் ஆராதனை நீளும், குழம்பு அத்தனை நேரமும் வெக்கையில் கிடக்கும். திருவிருந்து வாங்க வெறும் வயிற்றோடு வந்தவர்களும் இருப்பார்கள் என்பதால், வீட்டுக்குள் நுழைந்ததும் ஜூஸும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிடுங்கள்.

அரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவையுங்கள். அந்த நேரத்தில் குழம்பை எடுங்கள். மேலே உறைந்திருக்கும் கொழுப்பில் பாதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். முழுவதையும் எடுத்தால் மணமும் அதோடு போகும். பசைபோல் உறைந்திருப்பதால் முதலில் சிறு தீயில் இளகவிடுங்கள், எடுத்ததும் பெருந்தீ வைத்தால் அடி பிடிக்கும். ஒரு டம்ளர் சுடுதண்ணீர் விட்டு, தளதளவென்று முழுமையாகக் கொதித்த பிறகு அரைத்த தேங்காயைச் சேர்த்து, சிறு தீயில் 8 நிமிடம் வைத்து, உப்புப் பார்த்து, மல்லித்தழை தூவி மூடுங்கள். வாடை மாறியிருந்தால் கொதிக்கவைத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அன்றைக்குத் தால்ச்சாவும் அவித்த முட்டையுமே போதும்.

அடுத்த அடுப்பில், அடி கனமான பாத்திரத்தில் 4 டேபிள்ஸ்பூன் நெய்யில் பட்டை, கிராம்பு, பிரியாணி இலை, ஒரு பெரிய வெங்காயம், 6 பச்சைமிளகாய், ஒரு டேபிள்ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது வதக்கி, இரண்டாம் மூன்றாம் பாலையும் 4 டீஸ்பூன் உப்பையும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். ஊறிய அரிசியைத் தண்ணீர் வடித்துப் போட்டு, பால் அரிசி மட்டத்துக்கு வற்றியதும் முதல் பாலை ஊற்றி ஒரே ஒரு தடவை கிளறுங்கள். அடியில் தோசைக்கல் வைத்து, மூடி, மேலே கனம் ஏற்றி 12 நிமிடம் சிறு தீ. அணைத்தபின் 10 நிமிடம் திறக்கக் கூடாது. முதல் பாலை ஆரம்பத்திலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் அது திரிந்து, சோறு எண்ணெய்ப் பிசுக்காகிவிடும்.

தால்ச்சாவுக்கு 300 கிராம் கத்தரிக்காயை வெங்காயம் தக்காளியோடு வதக்கி, மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், எலுமிச்சை அளவு புளியின் கரைசல், உப்பு சேர்த்து, காய் வெந்ததும் பருப்பையும் 2 டம்ளர் சுடுதண்ணீரையும் விட்டு ஒரு கொதி. கறி சாப்பிடாதவர் இருந்தால் தனிக் கரண்டி போடுங்கள், அவர் கேட்கும்படி வைக்க வேண்டாம். பச்சடிக்கு வெங்காயத்தை அப்போதுதான் நறுக்க வேண்டும். முந்தின நாள் நறுக்கினால் நாற்றமெடுக்கும்.

சோறு மூடியிருக்கும் அந்த 10 நிமிடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து ஜெபம் செய்துவிடலாம். புட்டிங்கைச் சாப்பாடு பாதி நடக்கும்போது கவிழ்க்கலாம்: ஓரத்தைக் கத்தியால் சுற்றி விட்டு, பாகு வழியாமல் இருக்கக் குழிவான தட்டை மேலே வைத்துத் திருப்புங்கள்.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ராத்திரிக்குக் கட்டிக் கொடுப்பதானால், பந்தி முடிந்த உடனே மேசைக்கு வராமல் பாத்திரத்தில் நின்ற குழம்பைத் திரும்பக் கொதிக்கவைத்துக் கட்டுங்கள். தேங்காய்ப்பால் சோற்றைக் கொடுத்துவிட வேண்டாம், சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். அதற்குப் பதில் ஒரு பாக்கெட் பிரெட் வைக்கலாம். திங்கட்கிழமைக்கும் குழம்பு வேண்டும் என்றால், தேங்காய் அரைத்து ஊற்றும் முன்பே, சூடுகூடப் பண்ணாமல், ஒரு கிண்ணம் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.