சேலம் மாடியில் ஆர்க்கிட் ஏன் பூப்பதில்லை?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சாலை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் உயரம் 1,000 மீட்டருக்கு மேல் கூடுகிறது. வெப்பநிலை ஏழெட்டு டிகிரி இறங்கிவிடுகிறது. கலப்பினமாக்கப்படாத, காட்டில் உள்ளபடியே இருக்கும் ஆர்க்கிட்களை வாங்குபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். மலைக்குளிரில் பூத்த சீலோஜின் கிறிஸ்டேட்டா என்ற ஆர்க்கிட்டைச் சேலம் அஸ்தம்பட்டி மொட்டை மாடியில் வைத்தால் இலை விடலாம், சில வருடங்கள் உயிரோடும் இருக்கலாம். இரவுக் குளிர் இல்லாமல் அது மொட்டு வைப்பது அரிது. டென்ட்ரோபியம் நோபிலி என்ற இனத்துக்கும் அதே கதிதான்.

சமவெளிக்கு வாண்டா டெஸ்ஸலேட்டா இருக்கிறதே! மாமரக் கிளைகளில் தானாகவே தொற்றி வளரும் இனம் அது. நம் வெயில் அதற்குப் பழக்கம். நரிவால் ஆர்க்கிட்டும் பொருந்தும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-இல் அமைத்த தேசிய ஆர்க்கிட் பூங்காவைச் சுற்றிப் பார்த்து, எது நம் ஊருக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொண்டு வாங்கினால், வீண் செலவு மிச்சமாகும்.

அடுத்த தவறு, ஆண்டு முழுவதும் ஒரே அளவில் தண்ணீர் ஊற்றுவது. நர்சரியில் கிடைக்கும் கலப்பின டென்ட்ரோபியத்துக்கு அது சரி. நர்சரிக்காரர்கள் சொல்லும் அறிவுரையும் அதற்கானதுதான். டென்ட்ரோபியம் அஃபில்லம் போன்ற இனங்களோ பனிக்காலத்தில் இலையை உதிர்த்து ஓய்வெடுப்பவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் உரத்தை நிறுத்திவிட வேண்டும். தண்டு சுருங்காத அளவுக்கு எப்போதாவது நீர் தெளித்தால் போதும். இரக்கப்பட்டுத் தொடர்ந்து ஊற்றினால் பூ வரவேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைக்கும். அதைவிடக் கொடுமை, இலையற்ற தண்டைச் செத்துவிட்டது என்று கத்தரிப்பது. கோடைத் தொடக்கத்தில் பூ வருவதே அந்த மொட்டைத் தண்டில்தான்.

இலை கரும்பச்சையாகப் பளபளத்தால் பலர் மகிழ்கிறார்கள். அது வெளிச்சம் போதவில்லை என்பதற்கான அடையாளம். லேசான மஞ்சள் கலந்த பச்சைதான் பூக்கும் நிறம். அதற்காகச் சித்திரை வெயிலில் நேராக வைத்துவிடாதீர்கள், ஒரே நாளில் கருகும். 50 சதவீத நிழல்வலையின் கீழ் காலை வெயில் படட்டும்.

தோட்ட மண்ணில் நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மரத்தில் தொற்றி வளரும் வேர் மண்ணில் மூச்சுமுட்டி அழுகும். கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, நன்றாக ஊறவைத்து உப்பு நீக்கிய தேங்காய் மட்டை போதும். வேரின் மேலுள்ள பஞ்சு போன்ற உறை நனைந்தால் பச்சையாகும், காய்ந்தால் வெள்ளி நிறமாகும். அந்த நிற மாற்றத்தைப் பார்த்து ஊற்றுங்கள், கடிகாரத்தைப் பார்த்தல்ல. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வேரில் வெள்ளையாகப் படிந்தால், மழைநீரால் அலசிவிடலாம்.

காப்பித் தோட்டத்து மரத்திலிருந்து பிய்த்துத் தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். வேர் அறுந்த செடி தேறுவது அரிது. ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவும் இல்லை. உரிய பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும் என்பதால் காட்டில் அந்த இடம் எளிதில் நிரம்புவதில்லை. காப்புக்காட்டிலிருந்து எடுத்தால் சட்டப்படி குற்றமும்கூட. திசு வளர்ப்பில் உருவான நாற்றைக் கேட்டு வாங்குங்கள். முதல் பூவுக்குச் சில ஆண்டுகள் ஆகும்.