நுவரெலியாக் குளிரில் மீன்தொட்டிக்கு ஹீட்டர்

கொழும்பில் கப்பி மீனோ பைட்டர் மீனோ வளர்ப்பவருக்குப் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை பக்கம் அப்படியில்லை. தை, மாசி இரவுகளில் தொட்டித் தண்ணீரும் அறையோடு சேர்ந்து குளிர்ந்துவிடும். மீன் தீனி எடுக்காமல் அடியில் ஒதுங்கும், அப்புறம் வெள்ளைப்புள்ளி நோய் வரும்.

ஒரு லீட்டருக்கு ஒரு வாட் என்பது சூடான ஊர்க் கணக்கு. நம் குளிருக்கு இரண்டு வாட் வைத்துக்கொள்ளுங்கள்: 50 லீட்டர் தொட்டிக்கு 100 வாட். தெர்மோஸ்டாட் (வைத்த சூடு வந்ததும் தானாக நிறுத்தும் பகுதி) உள்ளதாகவே வாங்குங்கள், இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கவே வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டர் நிற்காமல் சூடேற்றிக்கொண்டே இருக்கும். ஃபில்டர் தண்ணீர் வந்து விழும் பக்கத்தில் பொருத்தினால் சூடு எல்லா மூலைக்கும் பரவும். 25 அல்லது 26 பாகையில் வைத்து, எதிர்ப்பக்கத்தில் தனியாக ஒரு வெப்பமானியும் ஒட்டுங்கள். ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது.

தண்ணீர் மாற்றுவதற்கு முன் ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டு கால் மணி நேரம் பொறுங்கள். ஹீட்டர் சூட்டோடு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி வெடிக்கலாம். ஊற்றும் புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும்.

கரண்ட் போனால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்கள், மேலே காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு. கொதிநீரை நேராக ஊற்றிவிடாதீர்கள், பாவம், திடீர்ச் சூட்டை மீன் தாங்காது.

தங்கமீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கு ஹீட்டர் தேவையில்லை. அதற்குக் குளிர்ந்த தண்ணீர்தான் பிடிக்கும்.